துறைமுக இரைச்சலில் தெளிவான அழைப்பு: காதை மூடாத ஹெட்போனைப் பயன்படுத்தும் முறை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதியில் தொலைபேசி அழைப்பு தொழிலின் ஓர் அங்கமாகவே அமைந்துள்ளது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கரைசேரும் மீனின் விலையும், சீனக்குடாவிலுள்ள மா ஆலைக்கும் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் வந்துபோகும் லொறிகளின் புறப்பாட்டு நேரமும் இயந்திர ஒலிக்கும் கடற்காற்றுக்கும் நடுவே பேசி முடிக்கப்படுகின்றன. பின்னோக்கி வரும் லொறியின் ஒலியையோ கயிற்றைப் பிடிக்கச் சொல்லும் குரலையோ தவறவிடுவது அங்கு உயிராபத்தாக முடியக்கூடும் என்பதால், காதை அடைக்காத கம்பியில்லா ஹெட்போன் அவ்விடத்துக்குப் பொருத்தமான கருவியாகிறது. ஆயினும் எச்சரிக்கைக் குரலை உள்ளே விடும் காது இரைச்சலையும் உள்ளே விடுகிறது. ஆகவே ஒலியளவைக் கூட்டித் தெளிவைத் தேடுவதைவிட, ஒலிவாங்கியின் இடம், காற்றின் திசை, பேசும் ஒழுங்கு ஆகிய மூன்றையும் சீர்செய்வதே பயன் தரும்.

1. இரு முனைகளையும் பிரித்தறிதல்

ஓர் அழைப்பில் பேசுபவரின் குரல் மறுமுனைக்குத் தெளிவாகச் செல்வது ஒன்று. மறுமுனையின் குரல் பேசுபவரின் காதில் தெளிவாக விழுவது வேறொன்று. கருவியின் உறையில் அழைப்புக்கான இரைச்சல் நீக்கம் எனக் குறிப்பிடப்படுவது, ஒலிவாங்கியில் விழும் இரைச்சலைக் குறைத்து மறுமுனைக்கு உதவுவதேயன்றி, அணிந்திருப்பவரின் காதைச் சுற்றியுள்ள இரைச்சலைத் தணிப்பதன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் வாங்குபவர், தமக்குக் கேட்காத குறையை ஒலிவாங்கியின் குறையென்று எண்ணிவிடுகிறார்.

2. வகையைத் தேர்தல்

காதை மூடாத ஹெட்போன்கள் இரு வகைப்படும். எலும்புவழிக் கடத்தல் என்பது காதுக்கு முன்புறமுள்ள எலும்பில் அதிர்வை ஏற்படுத்தி, அதை உட்செவிக்குக் கொண்டுசெல்லும் முறையாகும். காற்றுவழி வகையில் சிறிய ஒலிப்பான் செவித்துளையின் வாயிலருகே நின்று ஒலியை உள்நோக்கிச் செலுத்துகிறது. கருவியின் உடலிலேயே ஒலிவாங்கி பதிக்கப்பட்டிருப்பின் அது வாயிலிருந்து ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் தொலைவில் இருக்கும். வாயருகே நீளும் தண்டின் முனையில் அது இருப்பின் தொலைவு 3 சென்ரிமீற்றராகக் குறையும். ஒலிமூலத்துக்கான தொலைவு பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் வலுப்பெறுவதால், இம்மாற்றம் மட்டுமே குரலுக்கு 12 டெசிபெல் அளவுக்கு மேன்மை தருகிறது. எனவே இறங்குதுறையிலும் லொறித் தரிப்பிடத்திலும் நாளெல்லாம் பேசுபவருக்குத் தண்டு ஒலிவாங்கி உள்ள வகையே ஏற்றது. ஈரக் கையோடு வேலை செய்பவருக்குத் தொடுபரப்பைக் காட்டிலும் அழுத்தும் பொத்தான் உதவும்.

3. சரியாக அணிதல்

எலும்புவழிக் கருவியின் அதிர்வுமுனை காதுமடலின் மீதன்றி, காதுக்கு முன்னால் தோலோடு நன்கு படிந்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியின் காம்பு, தலைக்கவசப் பட்டி, தலைத்துணி ஆகியவை அதைத் தளர்த்தாதவாறு முதலில் கருவியையும் பின்னர் ஏனையவற்றையும் அணிவது நன்று. ஒலிவாங்கித் துளையின் மேல் உரசும் துணி, பேச்சை மறைக்கும் அளவுக்குக் கரகரப்பை உண்டாக்கும் என்பதால், தலைத்துணி அணியும் பெண்கள் தண்டின் முனையைத் துணிக்கு வெளியே விடலாம், அல்லது துணியை அசையாதபடி குத்திவிடலாம்.

4. இணைப்பைச் சீர்படுத்தல்

புளூடூத் அமைப்பில் அழைப்புக்கான அனுமதி இயக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்த பின், கைத்தொலைபேசியை ஹெட்போனின் முதன்மை அலகு இருக்கும் பக்கத்துச் சட்டைப்பையில் வைக்க வேண்டும். புளூடூத் அலையை மனித உடல் உறிஞ்சுவதால், பின்பையில் வைத்த தொலைபேசி திறந்த வெளியில் விட்டுவிட்டு ஒலிக்கும். மரபான தொலைபேசிக் குரல் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை மட்டுமே கடத்துகிறது. அகன்ற அலைவரிசைக் குரல் என்பது ஏறத்தாழ 7,000 ஹேர்ட்ஸ் வரை கடத்தி, ச, ஸ போன்ற ஒலிகளைத் தெளிவாக்குகிறது. இப்பயனைப் பெற இரு தொலைபேசிகளும் வலையமைப்பும் ஹெட்போனும் அதை ஆதரிக்க வேண்டும் என்பதால், நான்காம் தலைமுறைக் குரல் அழைப்பைத் தொலைபேசியில் இயக்கி வைப்பது முதற்படியாகும்.

5. காற்றுக்கு முதுகு காட்டுதல்

இயந்திர ஒலியைவிடக் காற்றே பெரிய இடையூறாகும். ஒலிவாங்கித் துளையின் விளிம்பில் காற்று மோதிச் சுழலும்போது அங்கேயே புதிய இரைச்சல் பிறப்பதால், தொலைவிலிருந்து வரும் இரைச்சலைப் பிரித்தறியும் மென்பொருள் அதற்கு எளிதில் ஈடுகொடுப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று நிலப்பக்கத்திலிருந்து வீசுகிறது. மாரிக்காலத்தில் வாடை வடகிழக்கிலிருந்து கடலைக் கடந்து வருகிறது. காற்று வரும் திசையை உணர்ந்து, ஒலிவாங்கி தலையின் மறைவில் அமையுமாறு உடலைத் திருப்ப வேண்டும். சுவரின் அல்லது நிறுத்திய லொறியின் ஒதுக்குப்புறம் இன்னும் நன்று. இரு தனி அலகுகள் கொண்ட கருவியாயின், காற்று படாத பக்கத்து அலகை மட்டும் அணியலாம். இயங்கும் படகு வெளியிணைப்பு இயந்திரத்திலிருந்து 2 மீற்றரில் நிற்பவர் 8 மீற்றருக்கு விலகினால், திறந்த வெளியில் அதன் ஒலி ஏறத்தாழ 12 டெசிபெல் குறையும்.

6. சொல்லின் தொடக்கத்தைக் காத்தல்

இரைச்சலில் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவதை 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் எடுத்துக்காட்டினார். லொம்பார்ட் விளைவு எனப்படும் இது கத்தலாக மாறும்போது ஒலி சிதைந்து தெளிவு குறைகிறது. அன்றியும், ஒலி பேச்சா இரைச்சலா என்று இரைச்சல் நீக்கும் மென்பொருள் முடிவுசெய்வதற்குள், அமைதிக்குப் பின் வரும் முதல் அசை வெட்டுப்படுவதுண்டு. தமிழில் இது பெருங்குழப்பம் விளைவிக்கும்: அறுபதும் எழுபதும் எண்பதும் ஒன்றுபோல் முடிகின்றன, எழுநூறும் எண்ணூறும் அவ்வாறே, உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி ஆகிய மூன்று ஊர்களும் முதற்சொல்லை இழந்தால் வெறும் வெளியாகிவிடும். ஆகவே முக்கியமான சொல்லுக்கு முன் ஒரு துணைச்சொல்லை வைத்து, “விலை எழுநூறு”, “இடம் நிலாவெளி” எனச் சொல்லுதல் வேண்டும். வெட்டு துணைச்சொல்லோடு நின்றுவிடும். எண்ணை முழுமையாகச் சொன்ன பின் “ஏழு, பூச்சியம், பூச்சியம்” எனத் தனித்தனியாகவும் சொல்லி, மறுமுனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லக் கேட்பது இழப்பைத் தவிர்க்கும்.

7. வேலைக்கு முன் சோதித்தல்

பத்து எண்களையும் ஊர்ப்பெயர்களையும் தாளில் எழுதி, முதலில் அறையிலும் பின்னர் வீதியோரத்திலும் இறுதியில் இறங்குதுறையிலும் நின்று, ஒருவரை அழைத்து வாசித்து, அவர் கேட்டெழுதியதோடு ஒப்பிட வேண்டும். குரல்பதிவுச் செயலி தொலைபேசியின் சொந்த ஒலிவாங்கியைப் பயன்படுத்தக்கூடும் என்பதால், உண்மையான அழைப்பே நம்பகமான சோதனையாகும்.

8. செவியையும் உயிரையும் காத்தல்

மறுமுனைக் குரல் கேட்காதபோது ஒலியளவை உச்சத்துக்கு உயர்த்துவதைவிட இடம்மாறுவதே மேல். 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பது செவிக்குக் கேடு என்பதும், ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும் என்பதும் தொழிற்சுகாதார விதியாகும். எலும்புவழிக் கருவியோடு நுரைக் காதடைப்பானை அணிந்தால் மறுமுனைக் குரல் தெளிவாகும். ஆனால் சூழலைக் கேட்கும் பயன் அப்போது நீங்குவதால், வாகனமும் பாரந்தூக்கியும் இயங்காத இடத்தில் நின்றே அவ்வாறு செய்ய வேண்டும். கடலில் தொலைபேசிச் சமிக்ஞை எட்டாத தொலைவில் எந்த ஹெட்போனும் பயன்படாது. ஆபத்து அழைப்புக்குக் கடல்சார் விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையே உரியது.

9. உப்பிலிருந்து பேணல்

தூசுக்கும் நீருக்கும் எதிரான காப்பைக் காட்டும் ஐபி67 போன்ற குறியீட்டின் இரண்டாம் இலக்கம் நன்னீரில் செய்த சோதனையைக் குறிப்பதாகும். உப்புநீருக்கு அது உறுதி தருவதில்லை. ஆகவே நாள்முடிவில் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கருவியைத் துடைத்து, மின்னேற்று முனை முழுமையாக உலர்ந்த பின்னரே மின்னேற்ற வேண்டும். ஒலிவாங்கித் துளையில் படியும் உப்பு குரலைச் சிறுகச் சிறுக மங்கச் செய்வதால், கச்சான் மாறி வாடை தொடங்கும் காலத்தில் முன்சொன்ன பத்துச் சொல் சோதனையை மீண்டும் செய்து, நிற்கும் இடத்தையும் அணியும் பக்கத்தையும் புதிய காற்றுக்கேற்ப வகுத்துக்கொள்வது நல்லது.