ஆர்.இ.-3: அப்பீல் செய்வதா, விலக்கு கேட்பதா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். 2021-இல் அமெரிக்க ஆர்மியில் சேர்ந்து, தென் கரோலினா ஃபோர்ட் ஜாக்சனுக்குப் பேசிக் ட்ரெய்னிங் போனான். சில வாரங்களிலேயே தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை, அழுதுகொண்டே இருந்தான். அங்கிருந்த மருத்துவர்கள் 'அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர்' என்று எழுத, நான்கே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டி.டி. 214 என்ற பணிவிடுவிப்புத் தாளில் மறுசேர்க்கைக் குறியீடு ஆர்.இ.-3 என்று போட்டிருக்கிறது. இப்போது நன்றாக இருக்கிறான். காலேஜ் முடித்துவிட்டு மறுபடியும் சேரவேண்டும் என்கிறான். அந்தக் குறியீட்டை மாற்றச் சொல்லி நான் அப்பீல் செய்யலாமா? இது அவனுக்கு ஆயுளுக்கும் கறைதானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கறை இல்லை, அம்மா. முதலில் அந்தத் தாளைச் சரியாகப் படித்துவிடுவோம். 24-ஆம் கட்டத்தில் பணியின் தன்மை இருக்கும். 2021-இல் இருந்த விதிப்படி, முதல் 180 நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் 'தன்மை குறிப்பிடப்படவில்லை' என்றே எழுதுவார்கள். அது நல்ல சான்றும் ஆகாது, கெட்ட சான்றும் ஆகாது. அவமதிப்பான பணிநீக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. 27-ஆம் கட்டத்தில் நீங்கள் சொல்லும் குறியீடும், 28-இல் அனுப்பியதற்கான காரணமும் இருக்கும். வேலைக்குப் போகுமிடத்தில் இதையெல்லாம் பார்ப்பார்களே என்று கலங்க வேண்டாம். டி.டி. 214-க்குச் சுருக்கப் பிரதி ஒன்று உண்டு. அதில் 23 முதல் 30 வரையிலான கட்டங்களே இருக்காது. முழுப் பிரதிதான் வேண்டும் என்று கேட்காத இடத்தில் அதைக் கொடுத்தால் போதும்.

இனி குறியீடு. ஆர்மியில் 1 என்றால் தடையின்றித் திரும்பச் சேரலாம். 4 என்றால் கதவு மூடியது. உங்கள் மகனுடைய 3, தகுதிக்குறைவு இருந்தாலும் விலக்கு பெற்றுச் சேரலாம் என்று சொல்கிறது. 'வெய்வர்' என்று ரெக்ரூட்டர்கள் சொல்வது இந்த விலக்கைத்தான். ஆகவே அவன் திரும்பச் சேர்வதற்கு அந்த எண் மாறியே ஆகவேண்டும் என்றில்லை.

அப்பீல் என்று வருகிற பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆர்மியின் ஆவணத் திருத்த போர்டு ஒரு கேள்வியைத்தான் கேட்கும்: அன்றைக்கு இந்தக் குறியீட்டைப் போட்டதில் பிழையோ அநீதியோ நடந்ததா? 'இன்று என் பிள்ளை நலமாக இருக்கிறான்' என்பது அதற்குப் பதிலாகாது. உண்மையிலேயே அந்த நோய்க்குறி இருந்து, அந்தக் காரணத்துக்கு விதியில் உள்ள குறியீட்டையே போட்டிருந்தால், போர்டு பெரும்பாலும் கைவைக்காது; 'ரெக்ரூட்டரைப் பாருங்கள்' என்று பதில் வரும். மனநலம் சார்ந்த மனுக்களைத் தாராள மனதோடு பரிசீலிக்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறை 2014-இலும், இன்னும் விரிவாக 2017 ஆகஸ்டிலும் உத்தரவிட்டது உண்மை. நியாயமான, காலம் கடந்து வந்த உத்தரவுகள் அவை. ஆனால் நோயின் தாக்கத்தால் ஒழுங்கு தவறி, கெட்ட சான்றோடு வெளியேற்றப்பட்டவர்களுக்குத்தான் அவை பெரிதும் கைகொடுக்கின்றன.

அப்படியானால் அப்பீலுக்கு எப்போது பலம்? தகுதியுள்ள மனநல நிபுணர் பரிசோதிக்காமலே நோய்க்குறி எழுதியிருந்தால். 28-ஆம் கட்டத்தின் காரணமும் மருத்துவக் குறிப்பும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருந்தால். பதிலளிக்க வாய்ப்புத் தராமல் அனுப்பியிருந்தால். அல்லது அன்றைய நோய்க்குறியே தவறு என்று இன்றைய மனநல மருத்துவர் காரணத்தோடு எழுதித் தந்தால். அப்போது டி.டி. 149 படிவம். பிழை தெரியவந்த மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும். கெடு தாண்டியிருந்தால், நீதியின் பொருட்டு மன்னிக்கும்படி அதே மனுவில் காரணம் எழுதிக் கேட்கலாம். பணிநீக்கக் காரணத்தையும் சேர்த்து மாற்றக் கேட்பதானால், முதலில் டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டுக்கு டி.டி. 293. அதற்குப் பதினைந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது. பொறுமையும் வேண்டும்: ஆவணத் திருத்த போர்டுகள் பத்தில் ஒன்பது மனுக்களைப் பத்து மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்பதுதான் சட்டமே வைத்த இலக்கு.

எந்த மனுவானாலும் நீங்கள் போட முடியாது. மகன் வயதுவந்தவன், அவன்தான் கையெழுத்திட வேண்டும். தாயாக நீங்கள் கண்டதை ஒரு கடிதமாக எழுதித் தரலாம், அதைப் போர்டு படிக்கும். அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களும், சில சட்டக் கல்லூரிகளின் இலவச உதவி மையங்களும் இதில் துணை நிற்கின்றன.

என் அபிப்பிராயம், உங்கள் மகனுக்கு விலக்கு வழிதான் நேர்வழி. படையில் சேர்வதற்கான மருத்துவ விதிகளின்படி, ஒரே ஒருமுறை வந்துபோன அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர், கடைசி ஆறு மாதத்தில் அறிகுறியோ சிகிச்சையோ இல்லையென்றால், அதனளவில் தடையாகாது. நாட்பட்டு நீடித்திருந்தாலோ, மறுபடி மறுபடி வந்திருந்தாலோ கதை வேறு. ஒரு மனநல மருத்துவரின் தற்போதைய மதிப்பீடு, காலேஜ் சான்றுகள், வேலை பார்த்திருந்தால் மேலாளரின் கடிதம், இவற்றோடு ரெக்ரூட்டரிடம் போகட்டும். விலக்கு யாருக்கும் உரிமையாகக் கிடைப்பதில்லை. தருவதும் மறுப்பதும் படையின் விருப்பம்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். 'பழையதைச் சொல்லவேண்டாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், சொல்பவர் ரெக்ரூட்டராகவே இருந்தாலும் சரி. மறைத்துச் சேர்வது ராணுவச் சட்டப்படி குற்றம். உங்கள் மகனின் அன்றைய சிகிச்சையும் ராணுவத்தின் பதிவேட்டிலேயே இருக்கிறது.

இந்த வாரமே அவனை எஸ்.எஃப். 180 படிவம் வழியாகப் பணிப்பதிவேட்டையும், பயிற்சிக்கால மருத்துவக் குறிப்புகளையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவை கைக்கு வந்து, ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்கும்வரை வேறெந்தப் படிவத்திலும் அவன் கையெழுத்துப் போட வேண்டாம்.