பொதுத் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது?
மண்டைதீவைப் பார்த்து நாம் படிக்கும் பாடம்



"தண்ணிக்கும் காசா?" என்று கூட்டங்களில் கேட்பவர்கள் பலர். கேட்பதில் நியாயம் உண்டு. மலைநாட்டில் ஊற்று மேலே, லயம் கீழே. குழாயைப் போட்டுவிட்டால் தண்ணீர் தானாகவே இறங்கி வந்து பீலியில் விழுகிறது. ஆனால் குழாய் உடைந்தால், தாங்கியில் வெடிப்பு விழுந்தால், காசு எங்கிருந்து வரும்? அதை விளங்கிக்கொள்ள, தண்ணீர் தானாக வராத ஓர் இடத்தை இம்முறை பார்ப்போம்.

1. உப்பின் மேல் மிதக்கும் நன்னீர்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குப் போகும்போது முதலில் வருவது மண்டைதீவு. அங்கே ஆறும் இல்லை, மலையும் இல்லை. ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை பெய்யும் மழையே பெரும் மழை. அது நிலத்துக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணற்றில் அள்ளுவது அந்த நன்னீரைத்தான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே அந்த 1 அடி குறைந்தால், கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏறப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் கை வலுவுக்கு மேல் எடுக்க முடியாது. மோட்டருக்குக் கை வலிக்காது. ஒருவர் அளவுக்கு மீறி இறைத்தால் பக்கத்து வீட்டுக் கிணறும் உவர்த்துப்போகும். ஆகவே கிணறு ஒருவருடையதாக இருந்தாலும் நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொது.

2. பெரிய காசும் சின்னக் காசும்

யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களுக்கு இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவர முதலில் திட்டமிட்டார்கள். தங்கள் வயலுக்குத் தண்ணீர் போதாமல் போகும் என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். பின்னர் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024 ஓகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடியது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனும் இத்திட்டத்தில் உண்டு.

கட்டுவதற்கு வரும் இந்தப் பணம்தான் பெரிய காசு. அது ஒருமுறை வரும், திறப்பு விழாவோடு முடியும். சின்னக் காசு மாதாமாதம் வேண்டும். 1 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்க ஏறத்தாழ 3 முதல் 4 யுனிற் மின்சாரம் போகும். எங்கள் ஊற்றுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனாலும் எங்களுக்கும் சின்னக் காசு உண்டு.

இலங்கையில் 1993 முதல் 1998 வரை பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் உலக வங்கி உதவியோடு சமூக நீர்வழங்கல் திட்டம் நடந்தது. கட்டும் செலவில் 20 சதவீதத்தை மக்கள் உழைப்பாகவும் பணமாகவும் கொடுத்தார்கள். கட்டிய பிறகு பராமரிப்புச் செலவு முழுவதும் மக்கள் சங்கத்தின் பொறுப்பு. இந்தியாவில் 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தின் பங்கு 10 சதவீதம், மலைப்பகுதிகளில் 5 சதவீதம். ஏழைக் கிராமத்திடமும் ஏன் பங்கு கேட்கிறார்கள்? பங்கு போட்டவர்தான் "இது எங்கட தாங்கி" என்று கணக்குக் கேட்பார்.

3. ஒரு மாதக் கணக்கு

உதாரணத்துக்கு 80 குடும்பங்கள், மோட்டரால் தண்ணீர் ஏற்றும் ஒரு திட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

மின்சாரம் – ரூபா 12,000
தண்ணீர் திறந்துவிடுபவரின் கொடுப்பனவு – ரூபா 10,000
குளோரின், சிறு திருத்தம் – ரூபா 4,000
புது மோட்டருக்கான சேமிப்பு – ரூபா 2,000
மொத்தம் – ரூபா 28,000

ஒரு குடும்பத்துக்கு ரூபா 350. மோட்டரின் விலை ரூபா 1,20,000, அது 5 வருடம் உழைக்கும் என்று வைத்தால், மாதம் ரூபா 2,000 வீதம் 60 மாதத்தில் அந்தத் தொகை சேர்ந்துவிடும்.

இனி, 20 குடும்பங்கள் காசு கட்டவில்லை என்று பாருங்கள். வரவு ரூபா 21,000. குறைவது ரூபா 7,000. மின்சாரத்தை உடனே வெட்டுவார்கள், ஆகவே அதைக் கட்டத்தான் வேண்டும். முதலில் சேமிப்பு நிற்கும். அடுத்துக் குளோரின் நிற்கும். தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும்போதுதான் தெரியும். மோட்டர் எரியும் நாளில் குடும்பத்துக்கு ரூபா 1,500 ஒரே தடவையில் கேட்க வேண்டிவரும். அதுவரை குடம் தூக்குவது, மலையில் கொழுந்தெடுத்துக் களைத்து வரும் எங்கள் பெண்கள்தான்.

உண்மையிலேயே கட்ட முடியாத வீடும் உண்டு. தனித்திருக்கும் வயோதிபரிடம் குறைவாக வாங்கலாம். அதைச் சங்கம் கூட்டத்தில் தீர்மானித்துப் பதிந்து செய்ய வேண்டும். "அவங்க கட்டலையே, நாங்க ஏன் கட்டணும்?" என்ற பேச்சு அப்போது வராது.

4. கழிவுநீரும் இதே கணக்குத்தான்

தீவுப்பகுதியின் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் உண்டு. மலகூடக் குழியின் கழிவு அதன் வழியே வேகமாகக் கிணற்றுக்குப் போய்விடும். மலையில் ஊற்றுக்கு மேலே குழி வெட்டினால் அதே கதிதான். குழிக்கும் நீர் எடுக்கும் இடத்துக்கும் ஆகக் குறைந்தது 50 அடி வேண்டும். ஊற்றுக்கு மேற்புறம் குழியே கூடாது. குழி நிறைந்தால் அள்ளவும், கான் அடைத்தால் திருத்தவும் ஒரு சிறு தொகையைத் தண்ணீர்க் காசோடு சேர்த்தே ஒதுக்கினால் நல்லது.

5. அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டியவை

தாங்கியும் குழாயும் யார் பொறுப்பு? தோட்ட நிர்வாகம் செய்வது எது, சங்கம் செய்வது எது? இதை எழுத்தில் வாங்குங்கள்.
பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறதா? கையெழுத்திடும் இருவரில் ஒருவராவது பெண்ணா?
வரவு செலவு மாதாமாதம் பிள்ளைக் காப்பகத்துச் சுவரில் ஒட்டப்படுகிறதா?
சேமிப்பில் இன்றைக்கு எவ்வளவு உண்டு?

பதில் தெரியாத கேள்வி இருந்தால் எங்களிடம் வாருங்கள். கணக்குப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள், சேர்ந்திருந்து பார்ப்போம்.