தேய்ந்த புல் சொல்லும் பாடம்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். லயத்திலிருந்து கோயிலுக்குப் போக நிர்வாகம் போட்ட செம்மண் சாலை ஒன்று இருக்கும். ஆனா சனங்க நடப்பது கித்தா மரங்களுக்கு நடுவே ஓடும் ஒற்றையடிப்பாதையில்தான். "எந்த வழியா போறீங்க?" என்று கேட்டால் சாலையைக் காட்டுவாங்க. தேய்ந்துபோன புல்தான் உண்மையைச் சொல்லும்.

இணையதளத்திலும் வருபவர்கள் தடம் விட்டுத்தான் போகிறார்கள். அதைப் படித்து முகப்புப் பக்கத்தைத் திருத்துவது எப்படி என்பதே இந்த மாதப் பாடம்.

போர்டிக்சனில் ஓர் அக்கா இரண்டு ஹோம்ஸ்டே வீடுகளை நடத்துகிறார், அவருடைய இணையதளத்தைச் சீரமைக்கும் வேலை உங்களுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது முகப்பில் என்ன இருக்கிறது? பெரிய கடற்கரைப் படம், உரிமையாளரின் வரவேற்புரை, போர்டிக்சன் வரலாறு. பார்க்க அழகுதான். ஆனா கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு வர நினைப்பவர் வேறு எதையாவது தேடுகிறாரா? இந்தச் சனிக்கிழமை வீடு காலியா? வாடகை எவ்வளவு? தெலுக் கெமாங் கடற்கரை பக்கமா? இதுவும் நம் ஊகம்தான். தடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் படி: பார்ப்பது. மைக்ரோசாப்ட் கிளாரிட்டி போன்ற இலவசக் கருவிகள், வருபவர்கள் எங்கே தொட்டார்கள், எதுவரை கீழே இறங்கிப் படித்தார்கள் என்பதை வண்ணப்படமாகக் காட்டும். நான்கு கேள்விகள் கேளுங்கள். கைப்பேசியில் வருகிறார்களா, கணினியிலா? எதை முதலில் தொடுகிறார்கள்? எந்த இடத்தோடு படிப்பதை நிறுத்துகிறார்கள்? எந்தப் பக்கத்திலிருந்து வெளியேறுகிறார்கள்? பொத்தானே இல்லாத படத்தைப் பலர் திரும்பத் திரும்பத் தொட்டால், அங்கே ஏதோ எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாம் படி: காரணம் தேடுவது. எண்கள் 'என்ன நடந்தது' என்று சொல்லும். 'ஏன்' என்பதை நாம்தான் தேட வேண்டும். எக்ஸ்பீடியா என்ற பயண நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல பாடம். பணம் கட்டும் பொத்தானை அழுத்திய பிறகும் பல பதிவுகள் முடியாமல் போயின. ஆராய்ந்தபோது, படிவத்தில் 'நிறுவனம்' என்று இருந்த ஒரு கட்டம் சிக்கியது. சிலர் அதில் தங்கள் வங்கியின் பெயரை எழுதிவிட்டு, அடுத்து வங்கியின் முகவரியையும் எழுதியிருந்தார்கள். அட்டைக்குரிய முகவரியோடு அது பொருந்தாததால் பணம் செல்லவில்லை. அந்த ஒரு கட்டத்தை நீக்கியதில் ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் கூடுதல் லாபம் வந்ததாக நிறுவனத்தின் அதிகாரி ஜோ மெகிபோ 2010-இல் தெரிவித்தார். புதுசா எதையும் சேர்க்கல; இடறிய கல்லை எடுத்தாங்க, அவ்வளவுதான்.

மூன்றாம் படி: சோதிப்பது. பெரிய தளங்கள் வருபவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பக்கத்தையும் மீதிப் பேருக்குப் புதியதையும் காட்டி ஒப்பிடும். இதுதான் ஏ/பி சோதனை. அக்காவின் தளத்துக்கு வருபவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றால் இது சரிவராது. சிறு எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும். அப்போது ஐந்து பேரை உட்காரவைத்து, "அடுத்த வாரத்துக்கு ஒரு வீடு பதிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் கவனியுங்கள். ஐந்து பேரே பெரும்பாலான குறைகளைக் காட்டிவிடுவார்கள் என்று வலைவடிவமைப்பு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். இன்னொன்று: பள்ளி விடுமுறை வாரத்தைச் சாதாரண வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். விடுமுறையில் கூட்டம் கூடினால் அது உங்கள் வடிவமைப்பின் வெற்றி ஆகாது.

நான்காம் படி: தர்மம். மனிதர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்தவனுக்கு, அவர்களைத் தள்ளிவிடவும் தெரியும். "ஒரே ஒரு அறைதான் மிச்சம்!" என்று அவசரப்படுத்துவது அந்த வகை. தவறான எண்ணம் தரும் இத்தகைய நெருக்கடி விற்பனையைப் பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையம் விசாரித்தது; 2019-இல் ஆறு முன்பதிவுத் தளங்கள் தங்கள் முறைகளை மாற்றிக்கொள்வதாக உறுதியளித்தன. நம் நாட்டிலும் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. என்ன தகவலைச் சேகரிக்கிறோம் என்று வருபவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்; தேவையில்லாததைச் சேகரிக்காதீர்கள். நம்பி வந்தவரின் தடத்தை அவருக்கு எதிராகவே திருப்புவது அதர்மம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் குடும்பங்கள் பல கையில் தொழில் இல்லாமல் வெளியே வந்தன. இன்று கடற்கரைக்கு வரும் கூட்டம் நம் வாசல் வழியாகத்தான் போகிறது. அவர்களை வரவேற்கும் பக்கத்தை அமைக்கும் திறமையாவது நம் பிள்ளைகள் கையில் இருக்கட்டுமே.

பயிற்சி: உங்கள் வட்டாரத்தில் யாராவது நடத்தும் தங்குமிடம் அல்லது உணவகத்தின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்து, விலையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உதவி செய்யாதீர்கள். அவர் விரல் தயங்கி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். அங்கிருந்துதான் திருத்தத்தைத் தொடங்கப் போகிறோம்.