பிள்ளைகளோடு பிரிட்டன் புறப்படுகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வேலை உறுதியான மறுநாளே என் கணவர் இரண்டு பெரிய பெட்டிகளை வாங்கி வந்துவிட்டார். ஐந்து மாதம் அவை ஹாலில் காலியாகக் கிடந்தன. மூன்று வயது சின்னவன் உள்ளே ஒளிந்து விளையாடினான். ஆறு வயதுப் பெரியவள் மட்டும் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம், "எப்பம்மா போறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெட்டி கடைசி வேலை என்பது திண்டுக்கல்லில் இருந்த எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எந்த வேலையை எதற்குப் பின் செய்வது என்பதில்தான் பாதி அலைச்சல் இருக்கிறது. நாங்கள் தலைகீழாகச் செய்தவற்றை நேராக்கி எழுதியிருக்கிறேன்.

படி 1: குடும்பமாகப் போக முடியுமா என்று பாருங்கள்

வேலை கிடைத்தாலே குடும்பத்தையும் அழைத்துப் போகலாம் என்ற காலம் போய்விட்டது. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மாணவர் விசாவில் போகிறவர்கள் மனைவி மக்களை அழைத்துச் செல்ல முடியாது. அதே ஆண்டு மார்ச் 11 முதல் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கும் அந்தக் கதவு அடைபட்டது. 2025 ஜூலையிலிருந்து பட்டப்படிப்பு நிலைக்குக் கீழான பல வேலைகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பி வீட்டைக் காலி செய்யாதீர்கள். பிரிட்டன் அரசின் இணையதளத்தில் உங்கள் வேலையின் பெயரைப் போட்டு நீங்களே பாருங்கள்.

படி 2: பெயரைச் சரிசெய்யுங்கள்

மற்ற எல்லாக் காகித வேலைக்கும் முந்தியது இது. நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல் போட்டால் காரியம் முடிந்தது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். அப்படி விரிக்கும்போதுதான் கூத்து தொடங்குகிறது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் அப்பா பெயர். கணவருடையதில் என் மாமனார் பெயர். பிள்ளைகளுக்குக் கணவர் பெயர். ஆக நான்கு பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். நமக்கு இது இயல்பு. குடும்பம் முழுக்க ஒரே குடும்பப் பெயரைப் பார்த்துப் பழகிய அதிகாரிக்கு நாங்கள் ஒரே விமானத்தில் வந்த அந்நியர்கள்.

பதறிப்போய்ப் பெயரையெல்லாம் மாற்ற வேண்டாம். அந்த மூன்று பெயரையும் முடிச்சுப் போட்டுக் காட்டும் காகிதம் பிறப்புச் சான்றிதழ். அதில் அப்பா, அம்மா பெயர்கள் அவரவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் படியுங்கள். எங்கள் சின்னவன் சான்றிதழின் ஆங்கிலப் பகுதியில் என் பெயரில் ஒரு 'ஏ' குறைந்திருந்தது. மூன்று வருடமாகக் கையில் இருந்த காகிதம், ஒருநாளும் கண்ணில் படவில்லை. அந்த ஓர் எழுத்துக்கு ஏழு வாரம், நான்கு நடை. போன தடவை கேட்காத ஒரு நகல் அடுத்த தடவை கட்டாயமாகிவிடும்.

குழந்தையின் பெயரே இல்லாத பிறப்புச் சான்றிதழும் நம்மிடம் நிறைய உண்டு. பதிவு செய்த அன்று பெயர் வைத்திருக்க மாட்டோம், பிறகு மறந்துபோகும். தமிழ்நாட்டில் ஓராண்டுக்குள் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பழைய சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் இரு மொழியிலும் அச்சான பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

படி 3: பாஸ்போர்ட்

சிறுவர்களுக்கான பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். ஒரு வருடத்துக்கும் குறைவாகப் பாக்கி இருந்தால் இங்கேயே புதுப்பித்துவிடுங்கள். இணைப்பு-டி என்ற உறுதிமொழியில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சின்னவனை ஸ்டுடியோ ஸ்டூலில் உட்காரவைத்து, வாயை மூடி, நேராகப் பார்க்கவைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாப்பிட்டுத் தூங்கி எழுந்த நேரத்தில் கூட்டிப்போங்கள்.

படி 4: பணத்தை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள்

விசாக் கட்டணத்தை எல்லோரும் கணக்கில் வைப்பார்கள். தடுக்கி விழுவது சுகாதாரக் கூடுதல் கட்டணத்தில். 2024 பிப்ரவரி முதல் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 776 பவுண்டு. இதை விண்ணப்பிக்கும்போதே மொத்த ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர், மூன்று ஆண்டு விசா என்றால் 10,866 பவுண்டு. நர்ஸ், டாக்டர் போன்ற சுகாதாரப் பணி விசாவில் போகும் குடும்பத்துக்கு இது கிடையாது. மற்றவர்கள் வேலை தரும் நிறுவனம் இதைக் கட்டுமா, யார் யாருக்குக் கட்டும் என்று கூச்சப்படாமல் எழுத்தில் கேளுங்கள். ஊழியருக்கு மட்டும் கட்டிவிட்டுக் குடும்பத்தை நம் தலையில் விடும் நிறுவனங்கள் உண்டு.

இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்குப் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கியில் சொல்லி இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவும் மறக்காதீர்கள்.

படி 5: காசநோய்ப் பரிசோதனையும் தடுப்பூசி அட்டையும்

ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்தியர்களுக்குக் காசநோய் இல்லை என்ற சான்றிதழ் தேவை. பிரிட்டன் அங்கீகரித்த மையங்களில்தான் எடுக்க வேண்டும், ஆறு மாதம் செல்லும். 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுவாக எக்ஸ்ரே கிடையாது. ஆனாலும் அவர்களை நேரில் அழைத்துப்போக வேண்டும். "பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே இல்லையாமே" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போய், மறுபடி சென்னைக்குப் பஸ் ஏறிய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

தடுப்பூசி அட்டை நம் வீடுகளில் மஞ்சள் கறையோடு மடங்கிக் கிடக்கும். ஊசிகளின் பெயரையும் தேதியையும் குழந்தைநல மருத்துவரிடம் தெளிவாக ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, முத்திரையோடு வாங்குங்கள். அங்கே குடும்ப மருத்துவரிடம் பதியும்போது இந்த ஒரு தாள் போதும்.

படி 6: பிள்ளையிடம் எப்போது, எப்படிச் சொல்வது

மற்ற படிகளுக்கெல்லாம் டோக்கன் நம்பர் உண்டு, கவுன்டர் உண்டு. இதற்கு எதுவும் இல்லாததால் தள்ளிக்கொண்டே போவோம்.

ஐந்து வயதுக்குக் கீழே ஆறு மாதம் என்பது அர்த்தமில்லாத சொல். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது சொன்னால் போதும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் வேறு. போனில் பேசுவது காதில் விழுந்துகொண்டே இருக்கும். நாமே சொல்லாவிட்டால் அவர்களே ஒரு கதை கட்டிக்கொள்வார்கள். பெரியவள் இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. விசாரித்தால், அவளை அப்பத்தா வீட்டில் விட்டுவிட்டுத் தம்பியை மட்டும் கூட்டிப்போகப் போகிறோம் என்று நினைத்திருக்கிறாள். காலியாகக் கிடந்த பெட்டிகள் இரண்டுதானே! அவள் கணக்கில் தப்பே இல்லை.

விசா வந்த அன்று அப்பத்தா ஒரு வேலை செய்தார். சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் நாங்கள் கிளம்பும் நாளின் தாளைத் தேடிப் பிடித்து, ஓரத்தில் மஞ்சள் தடவினார். "தெனம் காலைல நீதான் கிழிக்கணும். மஞ்சத் தாளு வந்தா ஏரோப்ளேன்" என்றார். அதோடு "எப்பம்மா போறோம்?" நின்றுவிட்டது. காலண்டர் எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று அவளே விரலால் அளந்துகொள்வாள். ஒரு நாள் இரண்டு தாளாகக் கிழித்துவிட்டு அழுதாள், சோற்றுப் பசையால் ஒட்டிக் கொடுத்தோம்.

'சும்மா டூர் போயிட்டு வந்துடுவோம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பொய் மூன்றாம் வாரம் வெளுத்துவிடும், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். பனி கொட்டும் என்றும் ஆசை காட்டாதீர்கள். தெற்கு இங்கிலாந்தில் பனி அபூர்வம், கிடைப்பது தூறல்தான்.

படி 7: பள்ளிக்கு முன் பழக்க வேண்டியவை

இங்கிலாந்தில் வகுப்பு வயதுப்படி. நான்கு வயது முடிந்த பிள்ளைக்கு வருகிற செப்டம்பரில் ரிசெப்ஷன் என்ற தொடக்க வகுப்பு, அடுத்த ஆண்டு இயர் 1. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. வருடத்தின் நடுவில் போனாலும் உள்ளூர்க் கவுன்சில் மூலம் விண்ணப்பிக்கலாம். ஆனால் பெரும்பாலும் கையில் வீட்டு முகவரி வேண்டும். அதனால்தான் ஒருவர் ஒரு மாதம் முந்திப் போய் வீடு பார்ப்பது நல்லது என்பேன். அதற்கு மேல் பிரிந்திருப்பது பிள்ளைகளைப் படுத்தும். இங்குள்ள பள்ளியில் டி.சி.யைக் கேட்டு வாங்கி வையுங்கள். அங்கே அதைக் கேட்பது அரிது. திரும்பி வந்தால் நம் ஊர்ப் பள்ளி கேட்கும்.

ஆங்கிலத்துக்கு டியூஷன் வைக்கிறார்கள். தேவையில்லை என்பது என் கருத்து. பள்ளிக்குப் போனால் ஆங்கிலம் தானாக வரும், வீட்டில் தமிழே இருக்கட்டும். நான்கைந்து வாக்கியம் மட்டும் வாயில் வர வேண்டும்: பாத்ரூம் போகணும், தண்ணி வேணும், வலிக்குது, புரியலை.

அதைவிட அவசரமான பாடம் பாத்ரூமில் இருக்கிறது. அங்கே பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். கழுவிவிட அம்மாவோ ஆயாவோ வர மாட்டார்கள். பெரியவளுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வாரம் முழுக்க அவள் பள்ளியில் பாத்ரூம் போகாமல் அடக்கிக்கொண்டு வந்தாள். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே வீட்டில் ஒரு டிஷ்யூ உருளை வாங்கி வைத்துப் பழக்குங்கள். கூடவே கோட்டு ஜிப் போடுவது, ஷூ மாட்டுவது, முள்கரண்டி பிடிப்பது. இயர் 2 வரை அரசுப் பள்ளியில் மதிய உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். எது சாப்பிடும், எது சாப்பிடாது என்று பள்ளியில் எழுதிக் கொடுங்கள், பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

படி 8: இப்போது பெட்டி

இங்கும் அங்கும் மின்சாரம் 230 வோல்ட். ஆகவே மிக்ஸி அப்படியே ஓடும், பிளக் மட்டும் வேறு. குக்கர், இட்லித்தட்டு, பருப்புக் கடைசல் மத்து கொண்டுபோங்கள். மல்லி, மிளகாய்ப்பொடி, பருப்பெல்லாம் நம்மவர்கள் இருக்கும் எந்த ஊரிலும் கிடைக்கும், எடையை வீணாக்காதீர்கள். நெய்யும் பால்கோவாவும் கூடாது. இந்தியாவிலிருந்து பால் பொருள், இறைச்சி கொண்டுபோகத் தடை. அம்மாச்சி வெண்ணெய் உருக்கி, முருங்கைக்கீரை போட்டு இறக்கிய ஒரு லிட்டர் நெய்யைக் கிளம்புகிற அன்று எடுத்து வெளியே வைத்தபோது அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சங்கடம். முன்பே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சின்னப் பை. அதில் வைப்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். சின்னவன் சக்கரம் உடைந்த பஸ் ஒன்றையும் எங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டையும் எடுத்துவைத்தான். ரிமோட் எதற்கு என்று வாதாடிப் பார்த்தேன். எங்கள் பிரிட்டன் வீட்டில் இப்போதும் அது இருக்கிறது.

படி 9: பயணமும் முதல் பத்து நாளும்

கைப்பையில், மேலே கிடக்கும்படி: பாஸ்போர்ட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், அப்பா முன்னே போயிருந்தால் அவர் எழுதித் தந்த சம்மதக் கடிதம், தங்கப்போகும் முகவரி. விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என்னிடம் காகிதம் கேட்பதற்கு முன் சின்னவனைப் பார்த்து, என்னைச் சுட்டி, ஏதோ கேட்டார். அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. விரலைப் பார்த்துவிட்டு "அம்மா" என்றான். பிறகு சான்றிதழையும் நீட்டினேன்.

கோடையில் நான்கரை மணி நேர வித்தியாசம். இங்கே ராத்திரி ஒன்பதுக்குத் தூங்கும் பிள்ளைக்கு அங்கே சாயங்காலம் நாலரைக்கே கண் சொக்கும், நள்ளிரவு ஒன்றரைக்கு விழித்துக்கொண்டு இட்லி கேட்கும். ஒரு வாரம் இப்படித்தான். திட்டாமல், விளக்கை மங்கலாக வைத்து எதையாவது கொடுங்கள். பகலில் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். மாவு குளிரில் பொங்காது. ஓவனில் சூடு வைக்காமல் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள், பொங்கிவிடும்.

முதல் வாரத்திலேயே குடும்ப மருத்துவரிடம் பதியுங்கள், காய்ச்சல் வந்தபின் அல்ல. அவசரத்துக்கு 999, ஆலோசனைக்கு 111. ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி கொடுக்கச் சொல்கிறார்கள். நம் நிறத்துக்கு அந்த வெயில் போதாது, பெரியவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வீடியோ கால் போட சனிக்கிழமை காலை ஒன்பது மணி சரியான நேரம். ஊரில் அப்போது மதியம் ஒன்றரை, சாப்பாடு முடிந்திருக்கும், அப்பத்தா படுக்கப் போகுமுன் பிடித்துவிடலாம். முதல் சனிக்கிழமை அவர் போனைத் திருப்பிச் சுவரைக் காட்டினார். காலண்டரில் இன்னும் மஞ்சள் தாளே தொங்கியது. "கிழிக்க ஆளில்லையே தாயீ, நீ சொல்லு, நான் கிழிக்கிறேன்." பெரியவள் ஒவ்வொரு நாளாகப் பெயர் சொல்லிச் சொல்லி, அன்றைக்குச் சனிக்கிழமை வரை ஐந்து தாள் கிழிக்க வைத்தாள்.