கைவினைஞர் நிலப்படம்

சேலம், நாமக்கல் சமவெளி உழவுக்கு மட்டுமன்றிக் கைத்தொழிலுக்கும் பெயர் பெற்றதாகும். சேலத்து அம்மாப்பேட்டையில் தறியொலி கேட்கும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போனது. இளம்பிள்ளை சேலை நெசவில் சிறந்தது. தம்மம்பட்டித் தச்சர் வாகை முதலிய மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்குவர். நாமக்கல் பகுதியில் மாக்கல்லைக் கடைந்து சட்டிகள் செய்வர். சேலம் வெண்பட்டும் தம்மம்பட்டி மரச்சிற்பமும் புவிசார் குறியீடு பெற்றவை.

இத்துணைச் சிறப்பிருந்தும், பொருளைச் செய்வோர்க்கும் அதனை வாங்குவோர்க்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. வாங்க வருவோர் கடைத்தெரு வரையில் வருவர். தறி இயங்கும் சந்தினை அவர் அறியார். ஆதலின் உழைப்பின் பயனில் ஒரு பகுதி இடைத்தரகரைச் சேர்கின்றது. செய்தவர் பெயரும் மறைந்துபோகின்றது. இக்குறையைப் போக்க இன்றைய மாணவர்க்கு இரு கருவிகள் உள. ஒன்று இணையத்தளம், மற்றொன்று நிலப்படம்.

முற்காலத்தில் நிலப்படம் வரைதல் அரசின் பணியாக இருந்தது. 1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, பெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். அது பல்லாண்டுகள் நடைபெற்றது. இன்றோ பொதுமக்களே படம் வரைகின்றனர். இங்கிலாந்தில் 2004-இல் தோன்றிய ‘ஓப்பன் ஸ்டிரீட் மேப்’ என்னும் படத்தில் எவரும் தம் ஊரைக் குறிக்கலாம். 2010 சனவரியில் ஹைட்டி நாட்டை நிலநடுக்கம் அழித்தபோது, பல நாட்டுத் தன்னார்வலர் வான்படங்களைப் பார்த்துச் சின்னாள்களில் அதன் தெருக்களை வரைந்தளித்தனர். மீட்புப் பணியாளர்க்கு அப்படம் வழிகாட்டியது.

பழைய தளத்தையும் படத்தையும் சீர்திருத்த முனையும் மாணவர் குழு முதலில் செய்யத்தக்கது யாது? தெருவில் இறங்கி நடத்தலேயாம். நாமக்கல் 1997 சனவரி 1 முதல் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் எழுதிய முகவரிகளில் சேலம் மாவட்டம் என்றே இருக்கும். தறியை விட்டவரும் குடிபெயர்ந்தவரும் உளர். படத்தை நம்பி வந்தவர் பூட்டிய கதவைக் கண்டு திரும்புவராயின், மறுமுறை வாரார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்கும் பொருந்தும்.

இரண்டாவது, இசைவு பெறுதல். கைவினைஞர் பலர்க்கு வீடே பட்டறை. வீட்டின் இடத்தையும் தொலைபேசி எண்ணையும் அவர் விரும்பினாலன்றி வெளியிடலாகாது. விரும்பாதார்க்குக் கூட்டுறவுச் சங்கத்தின் முகவரியைக் குறித்தல் தகும்.

மூன்றாவது, எளிமை. தளம் முதற்கண் தமிழில் அமைதல் வேண்டும். கைப்பேசியில் விரைந்து திறத்தல் வேண்டும். தம்மைப்பற்றி எழுதியதைத் தாமே படித்துப் பிழை சுட்ட நெசவாளரால் இயலவேண்டும். அழகிய வண்ணங்கள் இதற்குப் பின்னரே.

மாணவர் படிப்பு முடிந்து வேறூர் செல்வர். அதன்பின் படத்தைத் திருத்துவோர் இல்லையெனில், சில ஆண்டுகளில் அதுவும் பழம்படமாகும். ஆகவே திருத்தும் முறையைக் கைவினைஞர் வீட்டு இளைஞர்க்கும் கற்பித்துச் செல்லுதல் வேண்டும். படம் அவர் கைக்கு வந்த நாளே மாணவர் பணி நிறைவுற்ற நாளாகும்.