கனடாவைக் கற்பித்தல்: நிலமும் மக்களும் மொழியும்

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் வட அமெரிக்கக் கண்டத்தைப் பற்றிய பாடம் வருகிறது. அதில் கனடாவுக்குக் கிடைப்பது சில பத்திகளே. பரப்பளவு, ஏரிகள், கோதுமை, பனி என்று முடித்துவிடலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு நாட்டை அறிவது என்றால் அதன் நிலம் எப்படி அமைந்தது, அந்த நிலத்தில் யார் வாழ்ந்தார்கள், பிறகு யார் வந்தார்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இக்கேள்விகளைக் கேட்கக் கனடா நல்ல எடுத்துக்காட்டு. வகுப்பில் இரண்டு மூன்று பாடவேளைகளில் நடத்தத்தக்க வகையில் செய்திகளும் செயல்பாடுகளும் கீழே தரப்பட்டுள்ளன.

பெயரிலிருந்து தொடங்கலாம்

'கனடா' என்ற பெயர் அந்த மண்ணின் பூர்வகுடி மொழியிலிருந்து வந்தது. 1535ஆம் ஆண்டு பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியே இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் பகுதிக்குச் சென்றபோது, இரண்டு பூர்வகுடி இளைஞர்கள் 'கனாட்டா' செல்லும் வழியைச் சொன்னார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பொருள் 'ஊர்' அல்லது 'குடியிருப்பு'. ஓர் ஊரைக் குறித்த சொல், பின்னர் உலகின் இரண்டாவது பெரிய நாட்டுக்குப் பெயரானது. இந்த ஒரு செய்தியே மாணவர்களுக்கு ஒன்றை உணர்த்திவிடும்: ஐரோப்பியர் 'கண்டுபிடிக்கும்' முன்பே அங்கே ஊர்கள் இருந்தன, அவற்றுக்குப் பெயரும் இருந்தது.

எவ்வளவு பெரியது?

கனடாவின் பரப்பளவு சுமார் 99.8 லட்சம் ச.கி.மீ. நம் இந்தியாவைப் போல மூன்று மடங்கு. தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ 77 மடங்கு. 10 மாகாணங்களும் 3 ஆட்சிப்பகுதிகளும் கொண்டது. கிழக்கே அட்லாண்டிக், மேற்கே பசிபிக், வடக்கே ஆர்க்டிக் என மூன்று பெருங்கடல்கள் அதைத் தொடுகின்றன. உலகில் மிக நீண்ட கடற்கரை கொண்ட நாடும் அதுவே.

இங்கே வரைபடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வகுப்பறைச் சுவரில் தொங்கும் பல உலக வரைபடங்கள் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. அம்முறையில் துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பகுதிகள் ஊதிப் பெரிதாகத் தெரியும். அதனால் கனடா ஆப்பிரிக்காவுக்கு இணையானது போலத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா கனடாவைவிட மூன்று மடங்கு பெரியது. பள்ளியில் உலக உருண்டை இருந்தால், வரைபடத்தையும் உருண்டையையும் அருகருகே வைத்து மாணவர்களையே ஒப்பிடச் சொல்லலாம். 'வரைபடம் பொய் சொல்லுமா?' என்ற கேள்வி வகுப்பில் எழும். உருண்டையைத் தட்டையான தாளில் கொண்டுவரும்போது ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது என்று விளக்க அதுவே ஏற்ற தருணம்.

நேரக்கோடுகளையும் இங்கேயே சேர்த்துச் சொல்லலாம். கனடாவில் ஆறு நேர மண்டலங்கள் உள்ளன. அவற்றுள் நியூஃபவுண்ட்லாந்து நேரம் கிரீன்விச்சுக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. நம் நேரம் ஐந்தரை மணி நேரம் முந்தியது. அரை மணிக் கணக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. உலகை நேர மண்டலங்களாகப் பிரிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர் சான்ஃபோர்டு பிளெமிங் என்ற கனடிய ரயில்வே பொறியாளர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் ரயில் பாதையில் ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைப் பார்த்து மணி வைத்துக்கொண்டால் கால அட்டவணை போட முடியாதல்லவா?

நில அமைப்பு

மேற்கிலிருந்து கிழக்காகக் கை வைத்துக் காட்டிக்கொண்டே போகலாம். மேற்கே ராக்கி மலைத்தொடர் உள்ளிட்ட உயர்நிலம். வடமேற்கில் யூகான் ஆட்சிப்பகுதியில் உள்ள லோகன் சிகரம் (5,959 மீ) நாட்டின் மிக உயர்ந்த இடம். மலையை அடுத்து ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான், மனிடோபா மாகாணங்களில் விரியும் பிரெய்ரி சமவெளி. கோதுமை இங்கேதான் விளைகிறது. பருப்பு வகைகளும் விளைகின்றன. நம் மளிகைக் கடைகளில் விற்கும் மைசூர் பருப்பிலும் மஞ்சள் பட்டாணியிலும் ஒரு பங்கு சஸ்காட்சுவான் வயல்களிலிருந்து வருவதுதான். இந்தியா இறக்குமதி செய்யும் பொட்டாஷ் உரத்திலும் ஒரு பகுதி அம்மாகாணச் சுரங்கங்களில் வெட்டப்பட்டது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இச்செய்தி கனடாவைச் சட்டென்று பக்கத்தில் கொண்டுவந்துவிடும்.

நடுவே ஹட்சன் விரிகுடாவைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் பரவிக் கிடப்பது கனடியக் கேடய நிலம். நாட்டின் ஏறத்தாழ பாதிப் பரப்பு இதுதான். பூமியின் மிகப் பழமையான பாறைகளில் சில, சுமார் 400 கோடி ஆண்டு வயதுடையவை, இங்கே உள்ளன. பனியாறுகள் மண்ணைச் சுரண்டிக்கொண்டு போனதால் மேல்மண் மிக மெல்லியது, வேளாண்மைக்கு உதவாது. அதே பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் எண்ணற்ற ஏரிகள் உருவாயின. ஐம்பெரும் ஏரிகளில் மிச்சிகன் தவிர மற்ற நான்கையும் கனடா அமெரிக்காவுடன் பகிர்ந்துகொள்கிறது.

நாட்டின் மிக நீண்ட ஆற்றுத் தொகுதி மெக்கன்சி. நீளம் சுமார் 4,240 கி.மீ. இது வடக்கு நோக்கிப் பாய்ந்து ஆர்க்டிக் பெருங்கடலில் கலக்கிறது. 'ஆறு மேல்நோக்கி எப்படி ஓடும்?' என்று ஏதாவது ஒரு மாணவர் நிச்சயம் கேட்பார். வரைபடத்தின் மேல்பக்கம் வேறு, நிலத்தின் உயரம் வேறு என்பதைத் தெளிவுபடுத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. வசந்த காலத்தில் தெற்கிலுள்ள மேல்பகுதியில் பனி முதலில் உருகும். வடக்கே முகத்துவாரம் இன்னும் உறைந்தே இருக்கும். வழியில்லாமல் நீர் தேங்கி வெள்ளம் வரும். மழை பெய்யாமலே வெள்ளம் வருவது எப்படி என்பதை மாணவர்களே காரணம் கண்டு சொல்லட்டும்.

குளிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1947 பிப்ரவரியில் யூகானில் உள்ள ஸ்னாக் என்னுமிடத்தில் மைனஸ் 63 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதே நாட்டில், 2021 ஜூன் 29 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி வெப்பம் பதிவானது. மறுநாளே அவ்வூரின் பெரும்பகுதி தீக்கு இரையானது. 'கனடா என்றால் பனி' என்று ஒரே வரியில் எழுதிப் போட்டுவிட முடியாது.

இத்தனை பெரிய நாட்டில் எத்தனை பேர்?

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 3 கோடியே 70 லட்சம். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் (2011இல் 7.21 கோடி) பாதி. அவர்களும் பரவலாக வாழவில்லை. மூன்றில் இருவர் தெற்கே அமெரிக்க எல்லையிலிருந்து 100 கி.மீ.க்குள் வசிக்கிறார்கள். வடக்கே உள்ள நுனாவுட் ஆட்சிப்பகுதி சுமார் 20 லட்சம் ச.கி.மீ. பரப்புடையது, மக்களோ 37 ஆயிரத்துக்கும் குறைவு. வெளியிலிருந்து அங்கே செல்லச் சாலை கிடையாது. விமானமும், கோடையில் கப்பலும்தான் வழி.

செயல்பாடு 1: கரும்பலகையில் அல்லது தரையில் ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்கள் வரையவும். ஒன்று கனடாவின் ஒரு சதுர கி.மீ., மற்றொன்று தமிழ்நாட்டின் ஒரு சதுர கி.மீ. ஒரு புளியங்கொட்டை நான்கு பேரைக் குறிக்கும். கனடாவின் சதுரத்தில் ஒரே ஒரு கொட்டை வைத்தால் போதும். தமிழ்நாட்டின் சதுரத்தில் (2011இல் ச.கி.மீ.க்கு 555 பேர்) 139 கொட்டைகள் வைக்க வேண்டும். மக்கள் அடர்த்தி என்ற சொல்லுக்கு விளக்கமே தேவைப்படாது.

முதல் மக்களும் நாம் பயன்படுத்தும் சொற்களும்

கனடாவின் பூர்வகுடிகள் மூன்று பிரிவினர்: முதல் குடிகள், இனூயிட்டுகள், மேட்டீக்கள். மேட்டீக்கள் பூர்வகுடிப் பெண்களுக்கும் ஐரோப்பிய வணிகர்களுக்கும் பிறந்தவர்களின் வழியில் உருவான தனிச் சமூகம். மூன்று பிரிவினரும் சேர்ந்து சுமார் 18 லட்சம் பேர். மக்கள்தொகையில் 5 விழுக்காடு. எழுபதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி மொழிகள் இன்றும் வழக்கில் உள்ளன.

நம்மில் பலர் படித்த பழைய பாடநூல்களில் 'எஸ்கிமோ' என்ற சொல் இருந்தது. அது மற்றவர்கள் வைத்த பெயர். அம்மக்கள் தங்களை 'இனூயிட்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள், பொருள் 'மக்கள்'. கனடாவில் பழைய பெயர் இழிவாகக் கருதப்படுகிறது. வகுப்பில் நாமும் இனூயிட் என்றே சொல்வது முறை. 'அவர்கள் பனிவீட்டில் வாழ்கிறார்கள்' என்ற வாக்கியத்தையும் திருத்த வேண்டும். பனிக்கட்டியால் கட்டும் வீடு பெரும்பாலும் குளிர்காலத்தில் வேட்டைப் பயணத்தின்போது பயன்பட்டது. 'இக்லு' என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் எந்த வீடும் பொருள். இன்று அவர்கள் மரச்சட்ட வீடுகளில் வாழ்கிறார்கள், பனி ஊர்தி ஓட்டுகிறார்கள், கைபேசி வைத்திருக்கிறார்கள், சீல் வேட்டைக்கும் போகிறார்கள்.

மொழி ஆசிரியர்களுக்கு ஒரு சுவையான செய்தி. கிரீ, இனுக்டிடூட் முதலான மொழிகளை எழுத ஓர் அசையெழுத்து முறை உண்டு. அதில் மெய்யொலிக்கு ஒரு வடிவம்; உயிரொலி மாறும்போது அதே வடிவம் வேறு திசைக்குத் திரும்பும். நாம் ககர வரிசையில் கொம்பும் காலும் சேர்க்கும் இடத்தில், அவர்கள் எழுத்தையே திருப்பி வைக்கிறார்கள்.

மொழியைப் பறித்த பள்ளிகள்

இப்பகுதியை ஆசிரியர்களாகிய நாம் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கனடிய அரசின் நிதியில், கிறித்தவ சபைகளின் நிர்வாகத்தில், பூர்வகுடிக் குழந்தைகளுக்கென உறைவிடப் பள்ளிகள் நடத்தப்பட்டன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து அங்கே சேர்க்கப்பட்டார்கள். முடி வெட்டப்பட்டது. உடை மாற்றப்பட்டது. தாய்மொழியில் பேசினால் தண்டனை. நோயாலும் கவனிப்பின்மையாலும் 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது ஆவணங்களில் பதிவாகியுள்ளது. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான்.

2008 ஜூன் 11 அன்று கனடிய நாடாளுமன்றத்தில் பிரதமர் இதற்காக மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலங்களைக் கேட்டு, 2015இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. பள்ளிப் பாடத்திட்டத்தில் இந்த வரலாறு இடம்பெற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1973இல் ஆறு வயதுச் சிறுமியாக இருந்த பிலிஸ் வெப்ஸ்டாட், பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சு நிறச் சட்டையுடன் பள்ளிக்குப் போனார். முதல் நாளே அச்சட்டை பறிக்கப்பட்டது, திரும்பக் கிடைக்கவேயில்லை. அவர் சொன்ன அந்த அனுபவத்தால் செப்டம்பர் 30 'ஆரஞ்சுச் சட்டை நாள்' ஆனது. 2021 முதல் அது தேசிய நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

அப்பள்ளிகளை நடத்தியவர்களில் பலர் நல்லது செய்வதாகவே நம்பினார்கள் என்பதுதான் நம்மைச் சுட வேண்டிய செய்தி. நம் வகுப்புகளிலும் வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகள் இருக்கிறார்கள். மலைப்பகுதிப் பள்ளிகளில் பழங்குடிக் குழந்தைகள்; செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்த பெற்றோருடன் வரும் ஒடியா, இந்தி பேசும் குழந்தைகள். அவர்கள் வாய் திறக்கும்போது வகுப்பு சிரித்தால், நாம் என்ன செய்கிறோம்? அக்குழந்தையிடம் 'தண்ணீருக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டு அச்சொல்லைப் பலகையில் எழுதினால், அது அந்நாளின் பெரிய பாடமாக இருக்கும்.

வந்தவர்களும் வரவேற்பும்

பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் குடியேறிய நாடு என்பதால் 1969 முதல் ஆங்கிலமும் பிரெஞ்சும் சட்டப்படி ஆட்சிமொழிகள். ஐந்தில் ஒருவருக்குப் பிரெஞ்சு தாய்மொழி. அவர்களில் பெரும்பாலோர் கியூபெக் மாகாணத்தினர். 1971இல் பன்முகப் பண்பாட்டைக் கனடா அரசுக் கொள்கையாக அறிவித்தது.

அதற்கு முன் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. இந்தியாவிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் நேராக வரும் கப்பலில் வந்தால்தான் அனுமதி என்று விதி செய்தார்கள். அப்படியொரு கப்பல் போக்குவரத்தே இல்லை. 1914இல் கோமகதா மாரு கப்பலில் வந்த 376 பயணிகள், பெரும்பாலும் பஞ்சாபியர், வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் காக்க வைக்கப்பட்டார்கள். மிகச் சிலரைத் தவிர மற்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2016இல் அதற்கும் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்கப்பட்டது.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த ஈழத்தமிழர் 155 பேரை உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்கள் கனடாவில் தங்க அனுமதிக்கப்பட்டார்கள். இன்று தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல் அங்கே வாழ்கிறார்கள். 2016இல் நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. இவ்விரு கப்பல் நிகழ்வுகளையும் அடுத்தடுத்துச் சொல்லி, 72 ஆண்டுகளில் என்ன மாறியது என்று மாணவர்களைப் பேசவிடலாம்.

செயல்பாடு 2: கனடியக் கொடியில் உள்ளது மேப்பிள் இலை. மேப்பிள் மரத்தில் துளையிட்டு வடியும் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். நம் பதநீர், கருப்பட்டியுடன் ஒப்பிட்டு, கருவி, பருவம், எரிபொருள், உழைப்பு என்ற நான்கு தலைப்புகளில் குழுவாக அட்டவணை தயாரிக்கச் சொல்லவும். பனையேறும் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களே அன்று வளவாளர்கள்.

செயல்பாடு 3: 'கனடா என்றதும் நினைவுக்கு வருவது' என்று பாடம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் மூன்று சொற்கள் எழுதித் தரட்டும். பாடம் முடிந்தபின் மீண்டும் மூன்று சொற்கள். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கற்றல் எங்கே நிகழ்ந்தது என்பது நமக்குத் தெரியும். மதிப்பீட்டுப் பதிவுக்கும் அதுவே போதும்.