புது காரு, 90-ல ஸ்டீயரிங் நடுங்குது: காரணம் எங்கே?

வீட்ல புது கார் வந்தாச்சு. சிதம்பரம் நாலு வீதியிலயும் ஒரு ரவுண்டு போனீங்க, எந்தக் குறையும் தெரியல. அடுத்த வாரம் கடலூர் போற வழியில 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கைக்குள்ளேயே நடுங்குது. ஷோரூம்ல விட்டா, ஊருக்குள்ள ஒரு சுத்து ஓட்டிட்டு "புது வண்டி சார், ஓட ஓட செட் ஆயிடும்"னு திருப்பிக் கொடுத்துடறாங்க.

பெரும்பாலும் செட் ஆகாது. ஊருக்குள்ள 40-ல ஓட்டிப் பார்த்தா ஏன் தெரியாதுங்கறதுக்குப் பதில் நம்ம வைப்ரேஷன்ஸ் பேப்பர்லயே இருக்கு. ரொட்டேட்டிங் அன்பேலன்ஸ் ஞாபகம் இருக்கா? விசை = நிறை × ஆரம் × ஒமேகா ஸ்கொயர். பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்த அதே ஃபார்முலாதான்.

ஒரு கணக்கு போடுவோம். டயர் 175/65 ஆர்14. மொத்த ஆரம் சுமார் 29 செ.மீ., ரிம் ஆரம் சுமார் 18 செ.மீ. ரிம் ஓரத்துல ஒரு பக்கம் 30 கிராம் அதிகமா இருக்குன்னு வைங்க. 100 கி.மீ. வேகத்துல சக்கரம் நொடிக்கு 15 தடவை சுத்தும். அந்த 30 கிராம் கொடுக்கற விசை கிட்டத்தட்ட 50 நியூட்டன், அதாவது அஞ்சு கிலோ எடை. அஞ்சு கிலோ சுத்தியலால நொடிக்கு 15 தடவை தட்டற மாதிரி இல்லைன்னாலும், அஞ்சு கிலோ இழுவை நொடிக்கு 15 தடவை திசை மாறிக்கிட்டே இருக்கு. 50 கி.மீ.-ல இதே விசை கால்பங்குதான். 40-ல இன்னும் குறைவு, கைக்கே தெரியாது.

இங்க ஒரு கேள்வி வரணும். வேகம் கூடக் கூட விசையும் கூடும்னா, பல கார்ல 110 தாண்டினதும் நடுக்கம் குறையுதே? அதுதான் ரெசொனன்ஸ். சக்கரம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் சேர்ந்த அமைப்புக்குன்னு ஒரு இயல் அதிர்வெண் இருக்கு, பல கார்கள்ல அது 10-லிருந்து 15 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். சக்கரம் சுத்தற வேகம் அதோட ஒத்துப்போற இடத்துலதான் ஆட்டம் உச்சத்துக்குப் போகும். அதனால "எந்த வேகத்துல ஆடுது?"ங்கறதுதான் முதல் தடயம்.

ஃபோன்ல ஃபைஃபாக்ஸ் ஆப் போட்டு, டேஷ்போர்டுல அசையாம ஒட்டுங்க. ஜெர்மனியோட ஆஹன் பல்கலைக்கழகத்துக்காரங்க பண்ணினது, இலவசம். அதுல ஆக்சிலரேஷன் ஸ்பெக்ட்ரம் பாருங்க. ஓட்டறவர் பார்க்கக் கூடாது, பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கட்டும். 80-ல 12 ஹெர்ட்ஸ், 100-ல 15 ஹெர்ட்ஸ்னு உச்சி வேகத்தோட நகர்ந்தா, குற்றவாளி சக்கரம். கிளட்ச்சை மிதிச்சதும் ஆட்டம் மாறினா இன்ஜின் பக்கம் பாருங்க. நின்ன இடத்துல ஐடிலிங்ல மட்டும் நடுங்கினா, மூணு சிலிண்டர் இன்ஜினுக்கு அது ஓரளவு சகஜம். பிரேக் போட்டா மட்டும் நடுங்கினா டிஸ்க்ல பிரச்சனை, அது தனிக் கதை. ஆனா 20, 30 வேகத்துலயே ஆட ஆரம்பிச்சு கூடிக்கிட்டே போனா உடனே ஓரங்கட்டி வீல் நட் டைட்டா இருக்கான்னு பாருங்க. அதுக்கு ஆப் எல்லாம் தேவையில்ல.

செலவே இல்லாத இன்னொரு சோதனை: முன் சக்கரங்களைப் பின்னாடியும் பின்னாடி இருக்கறதை முன்னாடியும் மாத்துங்க. நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்கு வந்துடுச்சுன்னா சக்கரம்தான்னு கிட்டத்தட்ட உறுதி.

புது வண்டியில இது எப்படி வரும்? பேலன்ஸ் வெயிட் கழண்டு விழுந்திருக்கலாம். நம்ம ரோட்டுப் பள்ளம் ஒண்ணு ரிம்மை வளைச்சிருக்கலாம். ஸ்டாக்யார்டுல மாசக்கணக்கா நின்னதால டயர்ல ஒரு பக்கம் தட்டையாகியிருக்கலாம். இது லேசா இருந்தா 15, 20 கி.மீ. ஓடி டயர் சூடானதும் சரியாகும், ஷோரூம்காரர் சொன்னது பலிக்கற ஒரே இடம் இதுதான். டயர் பக்கச்சுவர்ல டாட் குறியீட்டோட கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 3524-னா 2024-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் செஞ்ச டயர்.

சர்வீஸ்ல பெரும்பாலும் "அலைன்மென்ட் பண்ணிடலாம்"னுதான் ஆரம்பிப்பாங்க. அலைன்மென்ட் தப்பா இருந்தா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமா தேயும். இந்த மாதிரி நடுக்கத்துக்குக் கேட்க வேண்டியது பேலன்சிங், அதுவும் ரிம்மோட உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டுக்கும் டைனமிக் பேலன்சிங். மெஷின்ல ரெண்டு பக்கமும் சைபர் காட்டியும் நடுங்கினா, டயரோ ரிம்மோ வட்டமா இல்லைன்னு அர்த்தம். டயல் கேஜ் வெச்சு ரன்அவுட் பார்க்கச் சொல்லுங்க, மெட்ராலஜி லேப்ல நாம தொட்ட அதே கருவி.

டயருக்கு வாரண்டி பெரும்பாலும் டயர் கம்பெனியோடது, கார் கம்பெனியோடது இல்ல. முழு காரையே மாத்திக் கேட்கறதும் லேசு இல்ல. மாருதி சம்பந்தப்பட்ட ஒரு வழக்குல 2006-ல உச்ச நீதிமன்றம், வாரண்டிப்படி குறையுள்ள பாகத்தை மாத்தித் தரணும், அதுக்காகப் புது காரே தரணும்னு சொல்ல முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. பாகத்தை மாத்தவும் இழுத்தடிச்சா 1915-க்கு போன் பண்ணலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்.

அங்கெல்லாம் பேசப் போறது ஜாப் கார்டு. அதுல "ஜெனரல் செக்கப்"னு எழுதினா கையெழுத்துப் போடாதீங்க. "90 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுக்கம்"னு எழுத வெச்சு, சர்வீஸ் அட்வைசரையும் வண்டியில ஏத்திக்கிட்டு பைபாஸ் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க.